கரடி சொன்ன முப்பத்திரண்டு

அந்தக் கரடியின் மூஞ்சியை நினைத்தாலே இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. மூக்குக் கண்ணாடி போட்ட கரடி. கையில் ஒரு குச்சி. டெப் என்கிற கைக்கணினியைத் திறந்ததும் திரையின் மூலையில் வந்து நின்று கையை ஆட்டும். பிள்ளை கணக்கைச் சரியாகச் செய்தால் குதித்து ஆடும். பிழை விட்டால் தலையைச் சாய்த்து, "கவலைப்படாதே, மீண்டும் முயற்சி செய்" என்று செய்தி வாசிக்கிற குரலில் சொல்லும். தலவாக்கலைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டப் பாடசாலையில் பதினொரு வருடமாக நான் கணிதம் படிப்பிக்கிறேன். ஒரு பிள்ளையிடமும் அந்தக் குரலில் நான் பேசியதில்லை. பேசியிருந்தால் டீச்சருக்குக் காய்ச்சல் என்று நினைத்திருப்பார்கள்.

இருபது டெப்களோடு அந்தத் திட்டம் எங்கள் பள்ளிக்கூடத்துக்கு வந்தது. திறப்பு விழாவில் பேசியவர்கள் எல்லோரும் ஒரே வார்த்தையைத் திரும்பத் திரும்பச் சொன்னார்கள்: பிரசினம் தீர்க்கும் திறன். தோட்டத்துப் பிள்ளைகளுக்கு அது குறைவாம். மனப்பாடம் செய்கிறார்களாம், யோசிப்பதில்லையாம். இந்தக் கணினி ஆசிரியர் ஒவ்வொரு பிள்ளையின் ஒவ்வொரு படியையும் கவனித்து, எங்கே தடுக்கிறது என்று கண்டுபிடித்து, அந்த இடத்தில் கைகொடுத்து யோசிக்கப் பழக்குமாம். முன்வரிசையில் உட்கார்ந்திருந்த பிள்ளைகளைப் பார்த்தேன். விடிய முதல் எழும்பி, பீலியில் வரிசை நின்று தண்ணீர் பிடித்து, தம்பி தங்கைகளுக்குத் தலைவாரி, ஒரே குடையில் மூன்று பேர் நனையாமல் மலை இறங்கி வந்த பிள்ளைகள். இவர்களுக்குத்தான் யோசிக்கத் தெரியாதாம். கைதட்டச் சொன்னார்கள், நானும் தட்டினேன்.

பொய் சொல்லக் கூடாது. அந்தக் கரடியால் நன்மையே இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. வகுப்பில் வாயே திறக்காத ஒரு பிள்ளை இருந்தாள். கரும்பலகைக்குக் கூப்பிட்டால் அழுதுவிடுவாள். அவள் டெப்போடு மூலையில் உட்கார்ந்து, பின்னக் கணக்கை நாற்பது தடவை பிழை விட்டு, நாற்பத்தோராவது தடவை பிடித்துக்கொண்டாள். யாரும் சிரிக்கவில்லை, யாரும் அவசரப்படுத்தவில்லை. நாற்பது தடவை என்னால் பொறுத்திருக்க முடியாது. அதை ஒப்புக்கொள்ளவும் எனக்குக் கோபமாகத்தான் இருந்தது.

மற்றவர்கள் மூன்றே நாளில் கரடியை அளந்துவிட்டார்கள். திரையில் 'உதவி' என்று ஒரு பொத்தான் உண்டு. ஒரு தடவை அழுத்தினால் கேள்வியைத் திரும்ப வாசிக்கச் சொல்லும். இரண்டாவது தடவை என்ன செய்ய வேண்டும் என்று சொல்லும். மூன்றாவது தடவை விடையையே சொல்லிவிடும். விடையைப் பார்த்து எழுதினாலும் கரடி ஆடும். அடுத்து அதே மாதிரிக் கணக்கு, எண்கள் மட்டும் வேறு. அதையும் அதே வழியில் செய்து முடித்தால் ஒரு படி மேலே ஏற்றிவிடும். வகுப்பில் பாதிப் பேர் கேள்வியை வாசிப்பதையே விட்டுவிட்டார்கள். டக் டக் டக் என்று மூன்று தட்டு. இடைவேளையில் ஒருத்தனைப் பிடித்துக் கேட்டேன்.

"என்னாடா இது, கேள்வியப் பாக்காமலே அமுக்குற?"

"அதுவா சொல்லும் டீச்சர். நாம எதுக்கு மண்டைய ஒடைக்கிறது?"

டெப் தயாரித்த அவனுடைய அறிக்கையில் 'திறன் மட்டம் நான்கு, மிக நன்று' என்று வந்திருந்தது.

இதையெல்லாம் நான் சிரித்துவிட்டு விட்டிருப்பேன். விட முடியாமல் போனது ஒரு பிள்ளையால்.

பத்தாம் ஆண்டில் இருந்த அவளை வாய்க்காரி என்றுதான் தோட்டத்தில் சொல்வார்கள். அம்மா கொழுந்தெடுக்கிறவர். அப்பா இல்லை. பள்ளிக்கூடம் விட்டதும் நேரே கொழுந்து மடுவத்துக்குப் போவாள். கொழுந்து நிறுக்கிற அந்தக் கொட்டகையில் அம்மாவின் பையைத் தூக்கிக் கொக்கியில் மாட்டிவிட்டுத் தராசின் முள்ளைப் பார்த்துக்கொண்டே நிற்பாள். முள் பதினெட்டில் நிற்கும். நிறுக்கிறவர் பதினேழு என்று எழுதுவார். பைக்கு ஒரு கிலோ கழிப்பது வழக்கம். மழை பெய்து இலை நனைந்திருந்தால் தண்ணீருக்கு இன்னும் ஒரு கிலோ. காலை நிறுவைக்கும் இது உண்டு, பகல் நிறுவைக்கும் உண்டு. யாரும் கேட்பதில்லை. இவள் கேட்பாள். "நேத்து மழ, ரெண்டு கழிச்சீங்க. இன்னைக்குத்தான் காயுதே, இன்னைக்கும் ரெண்டா?" என்று எல்லோருக்கும் முன்னால் கேட்டு, அம்மாவுக்கு ஏச்சு வாங்கிக் கொடுத்திருக்கிறாள். அம்மா வீட்டில் வைத்து இவளுக்குக் கொடுத்தார்.

கணிதத்தில் அவள் கெட்டிக்காரி என்று நான் சொல்லமாட்டேன். அட்சரகணிதம் என்றால் முகத்தைச் சுளிப்பாள். ஆனால் ஒரு கேள்வியைக் கொடுத்தால் கேள்விக்குள்ளே போய் உட்கார்ந்துவிடுவாள். தண்ணீர்த் தொட்டிக் கணக்கு கொடுத்தால், "தொட்டி ஒழுகுதா டீச்சர்?" என்று கேட்பாள். எங்கள் லயத்து வரிசை வீடுகளின் தொட்டிகள் எல்லாம் ஒழுகுகிறவைதான். இப்படிக் கேட்கிற பிள்ளை வருடத்துக்கு ஒன்று கிடைத்தால் பெரிய விஷயம். அவள் ஒரு நாளும் உதவிப் பொத்தானைத் தொட்டதில்லை. "அது கேட்டா சொல்லிருமே டீச்சர், அப்பறம் என்னா இருக்கு?" என்றாள்.

முதல் தவணை முடிகிறபோது திட்டத்திலிருந்து ஓர் அறிவித்தல் வந்தது. ஹட்டனில் சனிக்கிழமைகளில் ஒரு விசேட கணித வகுப்பு. நல்ல ஆசிரியர்கள், வேன், பகல் சாப்பாடு, பதினோராம் ஆண்டில் வரும் சாதாரண தரப் பரீட்சை வரைக்கும். ஒரு பள்ளிக்கூடத்திலிருந்து இரண்டு பேர். யார் யார் என்பதை டெப்பின் அறிக்கையே தீர்மானிக்கும், ஆசிரியர்களின் பக்கச்சார்புக்கு இடமில்லை என்று தடித்த எழுத்தில் போட்டிருந்தார்கள். பக்கச்சார்பாம். பதினொரு வருடம் பிள்ளைகளின் முகத்தைப் பார்த்துப் படித்தது எல்லாம் பக்கச்சார்பு.

பெயர்ப்பட்டியல் வந்தது. ஒன்று, மூன்று தட்டுத் தட்டுகிறவன். இன்னொன்றும் அதே மாதிரித் தட்டுகிற பிள்ளைதான். வாய்க்காரியின் பெயருக்கு நேரே 'திறன் மட்டம் ஒன்று' என்று இருந்தது. பக்கத்தில் குறிப்பு: 'அடிப்படைப் பிரசினங்களில் ஊகித்து விடை எழுதுகிறார். உதவியைப் பயன்படுத்துவதில்லை. முன்னேற்றம் இல்லை.'

மறுநாள் காலை அவளுடைய அம்மா வந்தார். வேலைக்குப் போகிற உடுப்போடு, இடுப்பில் படங்குத் துணியைச் சுற்றியபடி, வாசலுக்கு வெளியிலேயே நின்றார். உள்ளே வாங்க என்றால் வரவில்லை, கால் சேறு என்றார்.

"புள்ளைக்கு மூள இல்லன்னு மிசினு சொல்லிருச்சாமே டீச்சர்?"

"அப்படியெல்லாம் இல்லம்மா. யார் சொன்னது?"

"லயத்துல எல்லாரும் பேசிக்கிறாங்க. கொழும்புல ஒரு துணிக்கடையில ஆள் கேட்டுருக்காங்க, எங்க அக்கா மக அங்கதான் இருக்கா. நான் முடியாதுன்னு சொல்லிக்கிட்டே இருந்தேன். படிக்கிற புள்ள, படிக்கட்டும்னு. இப்ப நீங்களே சொல்லுங்க. படிப்பு வரும்னா அனுப்ப மாட்டேன். வராதுன்னா சும்மா எதுக்கு அது நேரத்தையும் வீணாக்கணும்?"

அவர் கேட்டது ஒரு நேரான கேள்வி. பிள்ளையைப் பற்றி நான் பத்துத் தடவை நல்லதாகச் சொல்லியிருக்கிறேன். ஆனால் ஒரு தடவை மிசின் சொன்னதும் என் பத்தும் பறந்துவிட்டது. ஒரு கிழமை பொறுங்கள் என்று கேட்டுக்கொண்டு அவரை அனுப்பினேன். மலையில் கொழுந்தெடுக்க நேரம் போகிறதென்று அவர் ஓடினார்.

அன்றைக்குப் பகல் மற்றப் பாடங்களைத் தூக்கி வைத்துவிட்டு, அவளுடைய டெப்பில் பதிவாகியிருந்த விடைகளை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தேன். பெரும்பாலானவை சரி. ஒரே ஒரு கணக்கில் போய் முட்டிக்கொண்டு நின்றிருக்கிறாள். அதைத் தாண்டினால்தான் அடுத்த படி திறக்கும். கேள்வி இதுதான்: 'ஒரு தொழிலாளி காலையில் 18 கிலோ கொழுந்தும் பகலில் 14 கிலோ கொழுந்தும் நிறுத்தார். அன்றைக்கு அவர் பெயரில் எத்தனை கிலோ பதியப்படும்?'

கரடிக்கு வேண்டிய விடை முப்பத்திரண்டு. அவள் எழுதியிருந்தது முப்பது. பிழை. திரும்பவும் முப்பது. பிழை. பிறகு இருபத்தெட்டு. பிழை. மறுநாள் முப்பது. அடுத்த நாள் இருபத்தெட்டு, அதன் பிறகு முப்பது. ஒன்பது நாள் இப்படியே போயிருந்தது.

முப்பது ஏன் என்று எனக்கு உடனே விளங்கிவிட்டது. இரண்டு நிறுவை, பைக்கு ஒவ்வொரு கிலோ. அந்த இருபத்தெட்டு விளங்கத்தான் கொஞ்ச நேரம் எடுத்தது. விளங்கியபோது கதிரையை விட்டு எழும்பிவிட்டேன். மழை நாள். பைக்கு இரண்டு, தண்ணீருக்கு இரண்டு. கேள்வியில் மழையா வெயிலா என்று சொல்லவில்லை. ஆகவே வெயில் என்று வைத்து ஒரு விடை, மழை என்று வைத்து ஒரு விடை. கேள்வியில் என்ன குறைகிறது என்று கண்டுபிடித்து, குறைகிற இடத்தை இரண்டு வழியாகவும் நிரப்பிப் பார்த்திருக்கிறாள். இதைவிட வேறு என்ன பிரசினம் தீர்க்கும் திறன் வேண்டும் இவர்களுக்கு? அதைத்தான் அந்தக் கரடி 'ஊகிக்கிறார்' என்று எழுதியிருந்தது. சரி என்று தலையாட்டுகிற பிள்ளை மட்டம் நான்கு, யோசிக்கிற பிள்ளை மட்டம் ஒன்று.

திட்டத்து உத்தியோகத்தருக்குப் போன் எடுத்தேன். நுவரெலியாவிலிருந்து மாதம் ஒரு தடவை வந்து டெப்களைப் பார்த்துவிட்டுப் போகிற கொழும்புப் பையன். மரியாதையான பிள்ளை. நான் அவனைப் பேசவே விடவில்லை. தோட்டத்தைக் கண்ணால் காணாதவன் எல்லாம் தோட்டத்தைப் பற்றிக் கணக்கு எழுதினால் இப்படித்தான் ஆகும் என்றேன். ஒரு நாள் மடுவத்துக்கு வந்து நின்று பார்த்திருந்தால் இப்படி எழுதியிருப்பானா என்றேன்.

"எந்த மடையன் எழுதினது இந்தக் கேள்விய? அத மட்டும் சொல்லுங்க எனக்கு."

அந்தப் பக்கம் தட்டெழுத்துச் சத்தம் கேட்டது.

"மிஸ்..." என்றான். "இது உள்ளூர்க் கேள்வி எழுதுற செயலமர்வுல எடுத்தது. எழுதினவங்கட பேரும் இதுல இருக்கு."

"யாரு?"

"நீங்க தான் மிஸ்."

போனை எப்போது வைத்தேன் என்று நினைவில்லை.

செயலமர்வு நினைவிருந்தது. டெப்கள் வருவதற்கு முந்திய வருடம், நுவரெலியாவில் ஒரு ஹோட்டலில் இரண்டு நாள். வெளிநாட்டில் செய்த கணக்குகளில் இருந்த அப்பிளையும் ரயிலையும் எடுத்துவிட்டு, நம்முடைய பிள்ளைகளுக்குப் பழக்கமான பொருள்களைப் போட வேண்டும் என்று எங்களைக் கூப்பிட்டிருந்தார்கள். கேக் தந்தார்கள், கோப்பையில் நல்ல தேநீர் தந்தார்கள். நான் ஆறு கேள்வி எழுதினேன். கொழுந்துக் கணக்கை எல்லோரும் பாராட்டினார்கள். மண்வாசனை இருக்கிறது என்றார் ஒருவர். எனக்குப் பெருமையாக இருந்தது.

பை பற்றி நான் எழுதவில்லை. அது சிக்கலாகும், விட்டுவிடு என்று யாரும் என்னிடம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் இன்றைக்கு அவர்கள்மேல் பழியைப் போட்டுவிட்டு நிம்மதியாக இருப்பேன். நான் மறந்துபோனேன், அவ்வளவுதான். என் அம்மா முப்பத்து நான்கு வருடம் அதே கொக்கியில் பையை மாட்டியவர். கழித்த கிலோவை நினைத்து முணுமுணுத்துக்கொண்டே லயத்துக்கு ஏறி வருவார். அந்த முணுமுணுப்பைக் கேட்டுக்கொண்டே நான் வீட்டுப்பாடம் செய்திருக்கிறேன். பதினொரு வருடம் சேலை கட்டிச் சோக்குக்கட்டி பிடித்ததில் அது என் மண்டையிலிருந்து சுத்தமாகக் கழுவப்பட்டுப் போயிருந்தது. கரடிக்காவது அம்மா இல்லை. எனக்கு என்ன கேடு?

மறுநாள் அந்தப் பையனுக்குத் திரும்பவும் போன் எடுத்தேன். இந்தத் தடவை கத்தவில்லை. கேள்வியைத் திருத்துங்கள், இல்லாவிட்டால் மூன்று விடையையும் ஏற்றுக்கொள்ளச் செய்யுங்கள் என்றேன். கேள்விகள் பூட்டப்பட்டிருக்கின்றன, அடுத்த பதிப்பு வரும்வரை ஒரு எழுத்தையும் தொட முடியாது என்றான். நான் விடவில்லை. அவன் யாரிடமோ கேட்டுவிட்டு வந்து சொன்னான்: அந்தப் பிள்ளைக்கு மட்டும் மதிப்பீட்டை ஒரு தடவை திறந்துவிடலாம். வியாழக்கிழமை, ஒரு மணித்தியாலம். அந்தப் படியைத் தாண்டினால் மட்டம் தானாகவே ஏறும், பட்டியலும் மாறும்.

"ஒரு விஷயம் மிஸ். கழிக்க வேணாம் எண்டு அவக்குச் சொல்லிவிடுங்க. சிஸ்டம் அப்படித்தான் எடுக்கும்."

வியாழக்கிழமை அவளைக் கணினி அறைக்குக் கூட்டிப்போனேன். டெப்பைக் கையில் கொடுத்துவிட்டு, பக்கத்தில் கதிரை போட்டு உட்கார்ந்தேன். கேள்வி எழுதியது நான்தான், விடையில் பிழை விட்டதும் நான்தான், நீ எழுதினதுதான் சரி என்று முதலில் சொல்லிவிட்டேன். அவள் என்னைப் பார்த்த பார்வையில் கோபம் இல்லை. நம்பவில்லை, அவ்வளவுதான். கரடி திரையில் கையை ஆட்டிக்கொண்டிருந்தது.

"இப்ப முப்பத்திரண்டுன்னு போடு" என்றேன்.

"அது சரியில்லைன்னு இப்பத்தானே டீச்சர் சொன்னீங்க?"

"மிசினுக்கு அதுதான் சரி. ஒண்ணும் கழிக்காத."

"அப்ப அது மழ இல்லாத நாளா?"

"மழையும் இல்ல, பையும் இல்ல."

"பை இல்லாம எப்புடி டீச்சர் கொழுந்தெடுக்கிறது?"

அவள் குறும்புக்குக் கேட்கவில்லை. உண்மையாகவே கேட்டாள். எனக்கு நேரம் ஓடிக்கொண்டிருந்தது, அந்தத் துணிக்கடை நினைவுக்கு வந்துகொண்டிருந்தது. "போடுன்னா போடேன்டி" என்று கத்திவிட்டேன். பதினொரு வருடத்தில், யோசித்ததற்காக ஒரு பிள்ளையை நான் ஏசியது அன்றைக்குத்தான்.

அவள் மூன்றையும் இரண்டையும் தட்டினாள். கரடி குதித்துக் குதித்து ஆடியது. திரை முழுக்க வண்ணக் காகிதங்கள் கொட்டின. அவள் அதைப் பார்க்கவில்லை, ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு மிச்சக் கணக்குகளை அரை மணித்தியாலத்தில் செய்து முடித்தாள்.

வெள்ளிக்கிழமை புதிய அறிக்கை வந்தது. மட்டம் நான்கு. பக்கத்தில் குறிப்பு: 'மாணவி தன் பிழையான எண்ணத்தைத் திருத்திக்கொண்டார். பிரசினம் தீர்க்கும் திறன் சிறப்பாக முன்னேறியுள்ளது.' கீழே வகுப்பாசிரியர் கையெழுத்துக்கு இடம் விட்டிருந்தார்கள். கையெழுத்து இல்லாவிட்டால் ஹட்டன் வகுப்பு இல்லை. அந்தத் தாளை இரண்டாகக் கிழித்துக் கரடியின் வாயில் திணிக்க வேண்டும் போல இருந்தது. அதிபர் அறையில் நின்றுகொண்டே கையெழுத்துப் போட்டேன். போடும்போது பேனை தாளைக் கிழித்தது. அதிபர், "மெதுவா டீச்சர்" என்றார்.

திங்கட்கிழமை காலைக் கூட்டம் முடிந்ததும் அவள் என்னிடம் வந்தாள். சனிக்கிழமை முதல் வகுப்புக்குப் போய் வந்திருந்தாள். வேனில் வாந்தி வந்ததாகவும், படிப்பிக்கிற சேர் நல்லவர் என்றும், கேள்வி கேட்டால் ஏசவில்லை என்றும் சொன்னாள். கொழும்புப் பேச்சை அம்மா விட்டுவிட்டாராம். அவள் போகாமல் அங்கேயே நின்றாள்.

"என்னா?"

"அம்மா ஒண்ணு கேக்கச் சொன்னாங்க டீச்சர். கம்ப்யூட்டர்ல ஒண்ணும் கழிக்காம முப்பத்திரண்டுதான் சரின்னு டீச்சர் கையெழுத்துப் போட்டுட்டாங்கன்னு நான் சொன்னேன்."

"ம்."

"அப்ப அந்தக் கம்ப்யூட்டர ஒரு நாளைக்கு மடுவத்துக்குக் கொண்டாந்து தராசுக்குப் பக்கத்துல வைக்க முடியுமான்னு கேட்டாங்க. நீங்களும் கூட வரணுமாம்."